ரெய்ஷி காளான்: காபி, கேப்ஸ்யூல், பொடி, துண்டு. கல்லீரலுக்காக வாங்கினால் எது தேறும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்லீரலுக்கு நல்லது என்று விற்கும் ரெய்ஷி காளான் சரக்குகளில் காபி பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். அரைத்த பொடியும் வேண்டாம். பழக்காளானிலிருந்து (குடைபோல விரிந்த பகுதி) எடுத்த சாறு என்று தெளிவாக எழுதி, பீட்டா குளூக்கான் (காளானின் நார்ச்சத்து) அளவையும் ட்ரைடெர்பீன் (கசப்புச் சத்து) அளவையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் கேப்ஸ்யூல் என்றால் யோசிக்கலாம். காய்ந்த காளானைத் துண்டாக வாங்கிக் கஷாயம் வைப்பதுதான் பழைய முறை. ஏமாற வாய்ப்பு குறைவும் அதில்தான். எதை வாங்கினாலும் அதற்கு முன் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு எல்எஃப்டி ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஏன் என்று கடைசியில் வருகிறது.

சீனத்தில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி. அறிவியல் பெயர் கேனோடெர்மா லூசிடம் என்றுதான் பாட்டில்களில் இருக்கும். ஆனால் கிழக்காசியாவில் வளர்க்கும் இனம் ஐரோப்பாவின் லூசிடத்திலிருந்து வேறுபட்டது என்று 2012-ல் சீன ஆய்வாளர்கள் பிரித்து, கேனோடெர்மா லிங்ஷி என்று பெயரிட்டார்கள். பாட்டிலில் பழைய பெயர் இருந்தால் மோசடி என்று அர்த்தமில்லை, பழக்கம்தான். ஆனால் பெயரே இல்லாமல் வெறும் 'மருத்துவக் காளான் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

கல்லீரலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கல்லீரல் செல்லுக்குள் மதுவையும் மருந்தையும் உடைக்கிற சைட்டோக்ரோம் நொதிகள் வேலை செய்யும்போது, எதையும் கடித்துக் குதறும் துகள்கள் பிறக்கின்றன. அவற்றை அடக்கி வைப்பது குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. அது தீர்ந்துபோனால் செல்லின் கொழுப்புச் சவ்வு சிதைகிறது, உள்ளே இருக்கும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. பாராசிட்டமால் அளவு மீறினால் நடப்பதும் இதேதான். அதில் பிறக்கும் நச்சுப் பொருள் குளூட்டாதயோன் முழுவதையும் விழுங்கிவிட்டுப் பிறகு செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு முறிவு மருந்து என்-அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எந்தக் காளானும் அந்த இடத்துக்கு வராது. மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரத்தில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

எலி, சுண்டெலிகளில் ரெய்ஷிச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்தால், காளான் சாறு குடித்த எலிகளில் சேதம் குறைவு. குளூட்டாதயோன் அளவும், அதே காவல் வேலையைச் செய்யும் எஸ்ஓடி, கேட்டலேஸ் நொதிகளின் அளவும் விழாமல் நிற்கின்றன. நம் பக்கத்து ஊரிலேயே நடந்த வேலையும் உண்டு. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் கே.கே. ஜனார்த்தனன் குழு ரெய்ஷியையும், கேரளத்துப் பலா மரத்தில் வளரும் பெல்லினஸ் ரிமோசஸ் என்ற மரக்காளானையும் இந்த வகையில் சோதித்து, காக்கும் தன்மை இருப்பதாக வெளியிட்டார்கள். நேர்மையான வேலை. ஆனால் அதைப் பாட்டிலின் மேல் அப்படியே ஒட்டுவதுதான் தப்பு. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் நச்சு கொடுப்பதற்கு முன்பே பல நாள் சாறு கொடுத்துவிடுகிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு நேரடியாகக் கெடுப்பதில்லை. கல்லீரல் நொதி அதை உடைத்த பிறகுதான் அது நஞ்சாகிறது. சாறு அந்த நொதியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினாலே சேதம் குறைந்துவிடும். அதை ஆன்டி-ஆக்ஸிடன்ட் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும் ஒருவருடைய கல்லீரல் முற்றிலும் வேறு கதை.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் விரல்விட்டு எண்ணிவிடக் கூடியவை. 2017-ல் வெளியான தைவான் ஆய்வில், ட்ரைடெர்பீனும் பாலிசாக்கரைடு பெப்டைடும் செறிவாக்கிய சாற்றை 42 ஆரோக்கியமான ஆட்களுக்கு 6 மாதம் கொடுத்தார்கள். ஒரு தரப்புக்குப் போலி மாத்திரை, பிறகு இடம் மாற்றம். எஸ்ஜிஓடி 42 சதவீதமும் எஸ்ஜிபிடி 27 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்ல, எண்ணிக்கையும் சிறியது. 2004-ல் ஹாங்காங்கில் 18 ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 1.44 கிராம் வீதம் 4 வாரம் கொடுத்த சோதனையில் கல்லீரலுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. பெரிய நன்மையும் கண்ணில் படவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவில் சர்க்கரை நோயும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும் உள்ள 84 பேருக்கு நாளுக்கு 3 கிராம், 16 வாரம் என்று கொடுத்தும் சர்க்கரை அளவு அசையவில்லை. ஃபேட்டி லிவரும் சர்க்கரையும் சேர்ந்தே வரும் நம் ஊருக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் அதிகம் பொருந்தும். இதைத்தான் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இனி சரக்குக்கு வருவோம்.

காபி பாக்கெட். 5 மதிப்பெண்ணுக்கு 0.5. தெரிந்தவர் மூலமாக வீட்டுக்கு வந்து விற்கும் பொருள்களில் இதுதான் முதலிடம். பாக்கெட்டின் பின்புறம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை, அடுத்து க்ரீமர், பிறகு காபி, கடைசியில் காளான் சாறு என்று இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. உதாரணத்துக்கு 20 கிராம் பாக்கெட்டில் 2 சதவீதம் காளான் சாறு என்றால் 400 மில்லிகிராம். அதை விழுங்குவதற்காக ஒவ்வொரு முறையும் சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும் உள்ளே போகின்றன. ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு முதலில் நிறுத்தச் சொல்வது அவற்றைத்தான். காபி கல்லீரலுக்கு நல்லது என்பதற்கு ஏராளமான மக்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அந்த நன்மை வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத சாதாரண ஃபில்டர் காபி போதும்.

அரைத்த பொடியும் பொடி அடைத்த கேப்ஸ்யூலும். 5-க்கு 1. ரெய்ஷி கட்டைபோல இருக்கும். அதன் செல் சுவர் கைட்டினால் ஆனது. நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். நம் குடல் அதைச் சரியாக உடைக்காது. அதனால்தான் சீனத்தில் இதை வேகவைத்துக் குடித்தார்கள், கடித்துத் தின்றதில்லை. சீன அரசின் அதிகாரபூர்வ மருந்து நூல் நாளுக்கு 6 முதல் 12 கிராம் காய்ந்த காளானைக் கஷாயமாகச் சொல்கிறது. 500 மில்லிகிராம் வெறும் பொடி அடைத்த கேப்ஸ்யூலில் அந்தக் கீழ் அளவை எட்டவே 12 கேப்ஸ்யூல் வேண்டும். பாட்டிலில் இருப்பதோ 'தினம் 2'.

பொடியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இன்னும் கனமானது. 2007-ல் தாய்லாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஒரு பெண்ணின் மரணம் பதிவானது. வேகவைத்த லிங்ஷியை நீண்ட காலம் குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. பொடிக்கு மாறிய ஓரிரு மாதத்தில் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. 2004-லேயே ஹாங்காங்கில் ஒரு லிங்ஷி தயாரிப்பால் கல்லீரல் பாதித்த நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காளானே காரணமா, அதோடு சேர்ந்த வேறு பொருளா என்பது தீர்மானமாகவில்லை. இத்தகைய நிகழ்வுகள் அரிதும்கூட. ஆனாலும் கல்லீரலைக் காக்க வாங்குகிற பொருள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சாறு கேப்ஸ்யூல். லேபிளைப் பொறுத்து 1 முதல் 3.5 வரை. இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2017-ல் அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷி சரக்குகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது, லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போனவை 5 மட்டுமே. அமெரிக்காவிலேயே அந்த நிலை.

லேபிளில் முதலில் தேட வேண்டிய சொல் 'பழக்காளான்' என்பது. அதாவது குடைபோல விரிந்த பகுதி. 'மைசீலியம்' அல்லது 'மைசீலியம் பயோமாஸ்' என்று இருந்தால், அரிசி அல்லது வேறு தானியத்தின் மேல் பூசண இழையை வளர்த்து, இழையைப் பிரிக்க வழியில்லாமல் தானியத்தோடு சேர்த்தே அரைத்திருப்பார்கள். ரெய்ஷி விலை கொடுத்து அரிசி மாவு வாங்கிய கதைதான்.

அடுத்து 'பாலிசாக்கரைடு 40%' என்ற வரி. இதைப் பார்த்து மயங்காதீர்கள். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், சாற்றை உலர்த்தச் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரினும் அதே கணக்கில் ஏறிவிடும். கேட்க வேண்டியது பீட்டா குளூக்கான் எவ்வளவு என்பது. அது 20 சதவீதத்துக்கு மேலும், மாவுச்சத்தைக் காட்டும் ஆல்ஃபா குளூக்கான் 5-க்குள்ளும் இருந்தால் நல்ல சரக்கு என்று கொள்ளலாம். ட்ரைடெர்பீன் என்பது கசப்புச் சத்து, கேனோடெரிக் அமிலங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அது வெந்நீரில் சரியாக இறங்காது, ஆல்கஹால் வேண்டும். ஆகவே வெந்நீர், ஆல்கஹால் இரண்டிலும் எடுத்த சாறு என்று எழுதியிருக்க வேண்டும். ட்ரைடெர்பீன் 2 சதவீதம் இருந்தால் போதும். அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்றும் பாருங்கள். நிறம் பார்த்து அளக்கும் முறையில் எண் ஊதிப் பெரிதாக வரும்; ஒவ்வொரு சத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறை என்று இருந்தால் எண் சிறிதாக இருந்தாலும் நம்பலாம்.

'10:1 சாறு' என்றால் 10 கிலோ காளானிலிருந்து 1 கிலோ சாறு. 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் 5 கிராம் காளானுக்குச் சமம், இரண்டு போட்டால் 10 கிராம், கஷாய அளவுக்குள் வந்துவிடும். விகிதம் மட்டும் இருந்து சத்து அளவுகள் இல்லை என்றால் அந்த விகிதத்துக்கு மதிப்பு கிடையாது, யாரும் சரிபார்க்க முடியாது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், பேட்ச் எண், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் ஆகியவை இந்தியச் சந்தைப் பாட்டிலில் இருந்தாக வேண்டும். அந்த வாசகத்தைப் போட்டுக்கொண்டே, விற்பவர் 'ஹெபடைடிஸ் சரியாகும்' என்று சொன்னால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் நான்குக்கும் பேட்ச் வாரியான சோதனைச் சான்று கேளுங்கள். மரத்திலும் மண்ணிலும் உள்ள உலோகத்தை உறிஞ்சித் தேக்குவது காளான்களின் குணம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கேப்ஸ்யூலைப் பிரித்து 100 மில்லி தண்ணீரில் கொட்டி 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். முழுக்க ஆறட்டும். சூட்டில் நிறம் தெரியாது, பலர் தவறுவது இங்கேதான். மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலந்து வெளிறிய பழுப்பாக்குங்கள். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடினில் 3 சொட்டு. பக்கத்தில் இன்னொரு டம்ளரில் நீர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணீருக்கும் அதே 3 சொட்டு. கஞ்சி கருநீலமாகும். காளான் டம்ளரும் அதே கருநீலத்துக்குப் போனால் உள்ளே தானிய மாவு. அயோடினின் பழுப்பு அப்படியே நின்றால் மாவு இல்லை என்று அர்த்தம். லேசான செம்பழுப்பு மட்டும் வந்தால் மால்டோடெக்ஸ்ட்ரினாக இருக்கலாம், தீர்மானமாகச் சொல்ல முடியாது. லேபிளில் வைட்டமின் சி இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். கூடவே இன்னொரு கேப்ஸ்யூலைப் பிரித்து, அயோடின் படாத அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையை நாக்கில் வையுங்கள். நல்ல ரெய்ஷி சாறு நில வேம்பு மாதிரி கசக்காவிட்டாலும் அடி நாக்கில் ஐந்து நிமிடம் நிற்கிற கசப்பு இருக்கும். கசப்பே இல்லையென்றால் ட்ரைடெர்பீன் இல்லை.

காய்ந்த துண்டு. 5-க்கு 3.5. கண்ணால் பார்த்து வாங்க முடிகிற ஒரே வடிவம் இது. மேல்தோல் அரக்கு பூசியதுபோலச் செம்பழுப்பாக மின்ன வேண்டும், அடிப்பக்கம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், குறுக்கே வெட்டிய இடம் கார்க் மாதிரி. ஊசிமுனைத் துளைகளும் பையின் அடியில் மரத்தூளும் இருந்தால் வண்டு விழுந்தது. பச்சை, கருப்புப் பூஞ்சை இருந்தால் முழுப் பையையும் திருப்பிக் கொடுங்கள், அந்தத் துண்டை மட்டும் எடுத்தெறிந்தால் போதாது. கடலோர ஈரக்காற்றில் இது சீக்கிரம் நமத்துப் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒரு நாளுக்கு 6 கிராம், 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத் துண்டுகள். 700 மில்லி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். 200 மில்லியாக வற்றியதும் வடிகட்டி, அதே துண்டுகளுக்கு இன்னொரு 400 மில்லி ஊற்றி ஒரு மணி நேரம். இரண்டையும் சேர்த்து, காலை மாலை சாப்பாட்டுக்குப் பின் பாதிப் பாதி. பத்து நிமிடம் கொதிக்க வைத்து டீ மாதிரி குடித்தால் நிறம்தான் வரும். சாறு ஃப்ரிட்ஜில் 2 நாள் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். சாறு எடுத்த சக்கையை மென்று தின்பவர்கள் உண்டு. பயனில்லை, வயிறு கெடும். கசப்புச் சத்து இதில் முழுமையாக இறங்காது என்பதுதான் ஒரே குறை. அதற்காகத்தான் 5 மதிப்பெண் கொடுக்கவில்லை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறிந்ததால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோயில், மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்து, பிறகு அரைவட்டத் தட்டுபோலக் காளான் முளைக்கும். அதுவும் கேனோடெர்மாதான். 'தோப்பிலேயே ரெய்ஷி இருக்கிறதே' என்று வெட்டிக் காய வைக்கத் தோன்றும். வேண்டாம். எந்த இனம் என்று கண்ணால் சொல்ல முடியாது. வேர் வழியாக ஹெக்ஸாகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கட்டியிருப்பீர்கள், அடியில் போர்டோ கலவை ஊற்றியிருப்பீர்கள். அந்தக் காளான் குடிக்கும் பொருள் அல்ல.

வித்துப் பொடி, 'சுவர் உடைத்தது' என்று விலை அதிகமாக விற்பது: 5-க்கு 1.5. வித்தின் சுவர் கடினம், உடைத்தால்தான் எண்ணெய் வெளிவரும் என்பது சரி. ஆனால் உடைத்தவுடன் அந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும். பாட்டிலைத் திறந்ததும் பழைய கடலை எண்ணெய் வாடை அடித்தால், ஆக்ஸிஜனேற்றச் சிதைவைத் தடுக்க வாங்கிய பொருளே ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது.

இதே அலமாரியில் சாகா என்ற சைபீரியப் பூசணமும் கல்லீரலுக்கு என்று இருக்கும். அதில் ஆக்சலேட் மிக அதிகம். கல்லீரல் புற்றுநோய் இருந்த 72 வயது ஜப்பானியப் பெண் 6 மாதம் தினமும் 4, 5 டீஸ்பூன் சாகாப் பொடி சாப்பிட்டுச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போனது 2014-ல் பதிவாகியிருக்கிறது. 5-க்கு 0.

விலை ஒத்துவராதவர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. சிப்பிக் காளானில் எர்கோதியோனீன் என்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் தாராளமாக இருக்கிறது. சமையல் சூட்டில் அழியாது, அதை உள்ளே இழுத்துக்கொள்ள நம் செல்களில் தனிக் கடத்திப் புரதமே இருக்கிறது. வாரம் மூன்று நாள் 100 கிராம் மிளகு போட்டு வதக்கிச் சாப்பிட்டால் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

ரெய்ஷியைத் தொடவே கூடாதவர்கள்: வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின் எடுப்பவர்கள் (ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும்), கல்லீரல் அல்லது சிறுநீரகம் மாற்றிக்கொண்டு டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை உள்ளவர்கள். காசநோய் மாத்திரை எடுப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எஸ்ஜிபிடி ஏறினால் மாத்திரையாலா காளானாலா என்று மருத்துவரால் பிரிக்க முடியாமல், தேவையில்லாமல் காசநோய் சிகிச்சையே நின்றுபோகலாம்.

மற்றவர்கள் தொடங்கும் முன் ஒரு எல்எஃப்டி, 4-வது வாரம் ஒன்று, 12-வது வாரம் ஒன்று எடுங்கள். முதல் ரிப்போர்ட் இல்லாமல் தொடங்கினால் பிறகு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல வழியே இல்லை. அந்த 12 வாரத்துக்குள் வேறு எந்த மூலிகைப் பாட்டிலையும் சேர்க்காதீர்கள். எஸ்ஜிபிடி இயல்பின் மேல் எல்லையைப் போல 3 மடங்கு ஏறினாலோ, சிறுநீர் டீ நிறத்துக்கு மாறினாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, கண் வெள்ளை மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மிச்சமிருக்கும் கேப்ஸ்யூலோடு பாட்டிலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.